தானமாய்ப் போன இரவல் கட்டில்

என் அப்பா கடைசி எட்டு மாதம் படுத்திருந்த கட்டில் எங்களுடையது அல்ல. இதை நான் மறந்துபோனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் வலியசாலையில் கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் செய்கிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. படுத்தவரை எப்படித் திருப்ப வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும், எதுவும் தெரியாது. படுக்கையில் விழுந்தவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற பாலியேட்டிவ் சங்கம் ஒன்று இருப்பதாகக் கோயிலுக்கு வரும் ஒருவர் சொன்னார். கூப்பிட்ட மறுநாளே வந்தார்கள். சங்கத்துச் சேச்சி, ஓய்வு பெற்ற மலையாளி நர்ஸ், என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு இரும்புக் கட்டில் ஒன்றை இறக்கினார். கால்மாட்டில் கைப்பிடி, சுற்றினால் தலைமாடு உயரும். ஒரு காலில் வெள்ளைப் பெயின்டில் பதினேழு என்று எழுதியிருந்தது.

புதன்கிழமை தோறும் சேச்சி வந்தார். காப்பியைத் தவிர ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டார். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு துடைக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அப்பா போன அன்றைக்கும் வந்து, அப்பாவின் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் தானங்கள். போனவர் வழியில் சிரமப்படாமல் இருக்கக் குடை, செருப்பு, சொம்பு கொடுப்பதோடு சய்யா தானம் என்று படுக்கையும் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் யாரும் கட்டில் கொடுப்பதில்லை, பாயும் தலையணையும் போதும் என்று சடங்கு செய்துவைத்த வாத்தியார் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா படுத்த கட்டிலையே கொடுக்கிறேன் என்றேன்.

"இது ஆஸ்பத்திரிக் கட்டிலாட்டம் இருக்கேடா?" என்றார் வாத்தியார்.

"அப்பா கட்டில்தான் மாமா. எட்டு மாசம் இதுலதான் இருந்தார்."

பொய் சொல்லவில்லை. எட்டு மாதம் நான் துடைத்த கட்டில். அந்த நேரத்தில் எனக்கு அது அப்பாவின் கட்டில்தான். நாலு காலிலும் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் இட்டேன். பதினேழு என்ற எழுத்து சந்தனத்துக்குள் போய்விட்டது. அழுதுகொண்டே வாத்தியார் கையில் நீர் விட்டுக் கொடுத்தேன்.

பதிமூன்றாம் நாள் சடங்கும் முடிந்து இரண்டாம் நாள் காலையில் சேச்சி போன் செய்தார்.

"சாமி, சடங்கெல்லாம் கழிஞ்சோ?"

"ஆச்சு சேச்சி."

"ஒண்ணும் நினைக்கண்டா. அந்தக் கட்டில் இனி எடுக்கலாமோ? கழக்கூட்டம் பக்கத்துல ஒரு பெயின்டர், தமிழ்நாட்டுக்காரன். சாரத்துல நின்னு விழுந்து முதுகெலும்பு போயி. வெறும் தரையில கிடக்குது பாவம். முதுகுல தொலி பொட்டத் தொடங்கியாச்சு."

தோல் வெடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று சேச்சிதான் எனக்கு முன்பு சொல்லியிருக்கிறார். எத்தனை நாளாய்க் கிடக்கிறான் என்று கேட்டேன்.

"ரெண்டு வாரமா. வேற கட்டில் ஒண்ணும் ஒழிவில்லை, எல்லாத்துலயும் ஆளு. சாமியோட பதிமூணு கழியட்டேன்னு காத்திருந்ததாக்கும்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என் துக்கத்துக்கு மரியாதை கொடுத்து அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மேலே படுக்கை வேண்டும் என்று நான் நீர் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஒருவன் தரையில் கிடந்திருக்கிறான்.

மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க அவாள்ட்ட சொல்லிட்டுத்தான் குடுக்கறேள்னு நினைச்சேன்."

"வாயைத் திறந்து கேட்டிருக்கப்படாதோ?"

"அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு யாராவது கேப்பாளா?"

கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்பது பாவம். கேட்டால் அப்பாவின் படுக்கையை நானே உருவிய மாதிரி. கேட்காவிட்டால் கழக்கூட்டத்தில் அந்த முதுகு. கோயிலில் மகாதேவன் முன்னால் போய் நின்றேன். ஒரு வழி காட்டு என்று கேட்டேன். விளக்கு எரிந்தபடி எரிந்தது. கண்ணை மூடினால் அப்பா தெரியவில்லை. பார்த்தே இராத ஒருவனின் முதுகுதான் தெரிந்தது. இதுவே உத்தரவு என்று எடுத்துக்கொண்டு நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

கட்டில் கொல்லையில் கிணற்றடியில் கிடந்தது. மேலே ஒரு பிளாஸ்டிக் படுதா. படுதாவுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்தது.

நடந்ததைச் சொன்னேன்.

"ஏண்டா, ஊரார் கட்டிலையா எனக்குத் தாரை வார்த்தே?"

"புத்தி வேலை செய்யலை மாமா."

"நான் அன்னிக்கே கேட்டேனோ இல்லையோ?"

உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது. "அப்பாடா! எடுத்துண்டு போடாப்பா. ஒரு நாள் மத்தியானம் அதுல படுத்துப் பார்க்கறேன்னார் உங்க மாமா. கைப்பிடியைச் சுத்தி ஒரேயடியா மேல அனுப்பிடுவேன்னு சொன்னேன். அப்புறம்தான் அடங்கினார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குடுத்ததைத் திருப்பி எடுத்தா அப்பாவுக்கு..." என்று தொடங்கினேன்.

"எடுக்கறதுக்கு என்னடா இருக்கு? இன்னொருத்தர் பொருளைக் குடுத்தா அது தானமே ஆகாது. உங்கப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் போய்ச் சேரலை."

அது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வாத்தியார் தோளைத் தட்டினார்.

"அழாதே. நாளைக்குக் கார்த்தால ஒரு கோரைப்பாயும் தலகாணியும் கொண்டு வா, முறையா வாங்கிக்கறேன். உங்கப்பா ஆயுசு பூரா பாயில படுத்தவர்தானே? கட்டில் அவருக்கு எட்டு மாசப் பழக்கம். முதல்ல அந்தப் பிள்ளையைத் தரையிலேர்ந்து தூக்கு, போ."

மாமி வந்து பூனைக்குட்டிகளை முறத்தில் எடுத்துக்கொண்டு போனார். நான் சேச்சியைக் கூப்பிட்டேன்.

மத்தியானமே சரக்கு ஆட்டோவில் கட்டிலை ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் சேச்சி ஒன்று சொன்னார். "சாமி, எல்லாம் சரியாகும்னு அங்க சொல்லண்டா. டாக்டர் சொன்னது அவங்களுக்கு அறியும்." நான் எங்கே போனாலும் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

உயரமான பிளாட்டுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தரையில் பழைய பிளெக்ஸ் பேனர் விரித்து அதன்மேல் போர்வை, அதில் அவன். முப்பது வயது இருக்கும். மனைவி ஒல்லியான பெண், தனியாளாய் அவனைத் திருப்பித் திருப்பி வலித்த தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர், சேச்சி, அவள், நான், நாலு பேரும் சேர்ந்து தூக்கிப் படுக்க வைத்தோம். சேச்சி அவனை ஒருக்களிக்க வைத்துப் புண்ணைக் கழுவ ஆரம்பித்தார். அந்தப் பெண் கட்டிலின் காலைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாமி, இதுல முன்னாடி படுத்திருந்தவிய எந்திச்சி நடந்துட்டாவளா?"

பகவான் எழுப்பி விடுவார் அம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது. சேச்சியைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் பிளாஸ்திரி வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாதாம்மா. எழுந்து நடக்கலை. இதுலதான் போனார்," என்றேன். "ஆனா எட்டு மாசத்துல முதுகுல ஒரு புண் வரலை. நான் பார்த்துண்டேன். நீயும் பார்த்துக்கலாம், சேச்சி சொல்லித் தருவா."

அவள் காய்ந்த சந்தனத்தைத் தொட்டாள். "வலிக்காம போனாவளா?"

"வலிக்காம போனார்."

சரி என்று தலையாட்டினாள்.

கைப்பிடியை அவளுக்குக் காட்டினேன். ஏழாவது சுற்றில் மாட்டிக்கொள்ளும், லேசாய் இடப்பக்கம் அழுத்தினால் போகும். இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டாள். தலைமாடு உயர்ந்தது. அவன் வாசல் வழியாக வெளியே பார்த்தான். எதிரே ஒரு பெரிய கட்டிடம், பாதிக்கு மேல் புதுப் பெயின்ட்.

"ஏட்டி, நான் அடிச்ச சொவரு தெரியுது பாரு. மிச்சத்தை எவன் அடிச்சான்? வேப்பிலையால தடவுன மாதிரில்லா இருக்கு!"

"எந்திக்க முடியல, வாய் மட்டும் கொறையல," என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஈரத்துணியால் கட்டிலின் காலைத் துடைத்தேன். பதினேழு வெளியே வந்தது.

மறுநாள் காலை பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்து, சந்தனம் இட்டு, கையில் நீரை எடுத்தேன். வாத்தியார் நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"முதல்ல சொல்லு. பாய் யாரோடது?"

"என்னோடதுதான் மாமா. நேத்து சாயங்காலம் சாலைக் கடையில வாங்கினேன்."

"தலகாணி?"

"அதுவும்தான்."

அவர் கையை நீட்டினார். அப்பாவை நினைத்து நீர் விட்டேன்.