நெஞ்சில் கட்டிய காது மிஷின்

1991-இல் என் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. சென்னையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் காது மிஷின் கொடுத்திருந்தார்கள். சின்னப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு நெஞ்சில் கட்ட வேண்டும். ஒயர் காதுக்குப் போகும். பெட்டிக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார் டீச்சர்.

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டில் நாளெல்லாம் பேசினேன். அரிசி களைந்தால் அரிசி, குடம் தூக்கினால் தண்ணி. தொண்டை கட்டிப்போகும். அவள் பெட்டியைப் பிடுங்கி எறிவாள்; திரும்பக் கட்டுவேன். சில சமயம் மிஷின் கீச்சென்று கத்தும். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவளைத் தவிர.

"இன்னாம்மா, கொயந்தைய போட்டு இப்டி படுத்துற? கேட்டா கேக்குது, வுடேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் கணவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். நான் விடவில்லை.

அடுத்த முறை பள்ளிக்குப் போனபோது, வகுப்பு மேஜையோடு பொருத்தியிருந்த பெரிய மிஷினின் ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார்கள். டீச்சர் மைக் அருகே மேளம் தட்டினார். என் மகள் அசையாமல் நின்றாள். மேளம் நின்றதும், இன்னும் வேண்டும் என்று மேஜையைத் தட்டினாள்.

அந்த மிஷினை வீட்டுக்குத் தர முடியுமா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"இத எடுத்துட்டுப் போக முடியாதும்மா" என்றார் டீச்சர். பிறகு மெதுவாக, "அந்தச் சின்ன மிஷினோட சத்தம் இவளுக்குப் பத்தல. நீங்க பேசுனது எதுவும் கேட்டிருக்காது."

மைக்கை வாங்கி, "கண்ணு, அம்மாடா" என்றேன். அவள் டீச்சரின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நான் மறுபடி மறுபடி சொன்னேன். கடைசியில் என்னிடம் வந்து உதட்டின் மேல் கையை வைத்தாள்.

தினம் அந்த மிஷினில் உட்கார வேண்டுமென்றால் ஹாஸ்டலில் விடுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். விட்டேன். சனிக்கிழமை வருவேன் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் புடவையைப் பிடித்திருந்த விரல்களை வார்டனம்மாதான் பிரித்தெடுத்தார். தெருமுனை வரை அவள் கத்தல் கேட்டது.

சில மாதம் கழித்து அவள் "ம்மா" என்றாள். முதலில் வார்டனம்மாவைப் பார்த்துச் சொன்னாளாம். டீச்சர் பூரித்துப்போய்ச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.