எழுதாமல் வைத்த பேச்சு

வலைப்பூ தொடங்கிய புதிதில் நான் எழுதியதை இப்போது படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. ‘பெண்மையின் பெருமை’, ‘கடலின் கம்பீரம்’ என்றெல்லாம் தலைப்பு வைத்திருக்கிறேன். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்தே இராதவள் மாதிரி எழுதியிருக்கிறேன். கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளையின் புத்தி தலை நரைத்த பிறகும் போகவில்லை.

அதையும் விடாமல் படித்தவர் ஒரே ஒருவர், என் மாப்பிள்ளை. காயல்பட்டினத்தில் கணவரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என்னவர் அப்படி வந்த கொஞ்ச நாளிலேயே வளைகுடாவுக்குப் போய்விட்டார். எப்போதாவது லீவில் வருவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதியை நாங்கள் போனிலேயே வாழ்ந்துவிட்டோம்.

ஒரு நாள் அவர் சொன்னார்: “ஏளா, நீ எழுதுனதப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ எழுதுன மாதிரி இருக்கு. எனக்கு வாய்ஸ் அனுப்புவேல்லா, அத அப்படியே எழுதேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, அவருக்கு வாய்ஸ் அனுப்புவதாகவே நினைத்துக்கொண்டு எங்கள் முடுக்கைப் பற்றி எழுதினேன்.

முடுக்கு என்பது வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வர விட்டிருக்கும் சந்து. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. இந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தும், சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் என்ன பேசிச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. யார் வீட்டில் சுட்ட வாடா எண்ணெய் குடித்தது, யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எதனால் பேசுவதில்லை, எல்லாவற்றையும் எழுதினேன். பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அன்றைக்கே போன் வந்தது. சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. உம்மாவுக்குக் காது மந்தமானது, முற்றத்து மாதுளை பூவாய் உதிர்த்து ஏமாற்றியது, மகள்களில் பெரியவள் கார் ஓட்டப் பழகி எங்கள் கேட்டிலேயே இடித்தது என்று நடந்ததெல்லாம் அன்றன்றே வலைப்பூவுக்குப் போனது. முன்பின் தெரியாதவர்கள்கூடப் படிக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய்ஸ் அனுப்புவது மெல்லக் குறைந்து நின்றே போனதை நான் கவனிக்கவில்லை. எழுதியதைத் திரும்ப எதற்குச் சொல்வது?

பிறகு அவர் லீவில் வந்தார். பெட்டி பிரித்து, கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்து, பார்க்க வந்தவர்களும் போய், மறுநாள் காலையில்தான் எங்களுக்குத் தனியாக உட்கார வாய்த்தது. அவர் பசியாற உட்கார்ந்தார். இடியாப்பத்தை வைத்துவிட்டு எதிரே நானும் உட்கார்ந்தேன். இந்த ஒரு பொழுதுக்காகத்தான் அத்தனை காலம் காத்துக் கிடந்தேன்.

“முத்தத்து மாதுள இருக்குல்லா…” என்று தொடங்கினேன்.

“பூவெல்லாம் உதுந்து, பொறவு ஒரே ஒரு காய் நின்னுச்சு. படிச்சேனே.”

“பெரியவ கார எடுத்துட்டு…”

“கேட்டுல இடிச்சா. நீ சத்தம் போடப் போட அவ சிரிச்சிருக்கா. அதப் படிச்சிட்டு ரூம்ல எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சேன் பாத்துக்கோ.”

பெருமையாகத்தான் சொன்னார். ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அந்தச் சிரிப்பையெல்லாம் யாரோ நாலு பேர் பார்த்துவிட்டார்கள், நான் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு இடியாப்பம் வைக்கட்டுமா என்று கேட்டேன். அது ஒன்றுதான் அவர் படித்திராதது.

அவர் திரும்பிப் போனதும் வலைப்பூவை மூடிவிட நினைத்தேன். முடியவில்லை. எழுதாத நாளில் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். இழுபறியாகக் கொஞ்ச நாள் போன பிறகு எனக்கென்று ஒரு வழி பிடிபட்டது. பேசுகிற மாதிரியேதான் எழுதுகிறேன். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டால், அங்கேயே நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அது வலைப்பூவுக்கு இல்லை. மற்றதெல்லாம் ஊருக்கு. இப்படி வகுத்துக்கொண்ட பிறகு எழுத்தும் லேசாகிவிட்டது. முன்போல வார்த்தைக்கு மல்லுக்கட்டுவதில்லை.

போன வாரம் அவரே கேட்டார்.

“ஏளா, இப்பல்லாம் பாதியில நிறுத்திப்புடுத. சின்னவளும் நீயும் கடக்கரைக்குப் போனீங்க, அங்கன வச்சு அவ என்னப் பத்தி ஒண்ணு கேட்டான்னு எழுதியிருக்க. என்ன கேட்டான்னு எழுதலியே?”

“நீங்க வரும்போது சொல்லுதேன்.”

“லீவுக்கு இன்னும் நாள் கெடக்கே.”

“லீவுக்கு வந்தா அத மட்டும் சொல்லுவேன். முடிச்சிட்டு வந்தாத்தான் எல்லாம்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று இத்தனை காலத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீடு கட்ட வேண்டும், பெரியவளுக்குச் செய்ய வேண்டும், சின்னவளைப் படிக்கவைக்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும், வாய் வராது. அன்று எப்படியோ வந்துவிட்டது.

அவர் அதற்குப் பிடி கொடுக்காமல், “அவ கேட்டத மட்டும் சொல்லேன்” என்றார். கெஞ்சுகிற குரல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

இங்கேயும் எழுதமாட்டேன். இதையும் அவர் படிப்பார்.