வெள்ளிக்கிழமைகளில் ஒழுகிய லொறி

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்கார ஆமிக்காரர் கப்பலேறிப் போன அடுத்த வருஷம், பண்டத்தரிப்புக்குக் கிட்ட எங்கள் ஊரில் நடந்தது இது. அவர்கள் விட்டுப்போன லொறிகளை ஏலத்தில் விற்றார்கள். புகையிலைத் தோட்டத்தோடு கிடந்த நான், என்ன துணிச்சலோ, ஒன்றை எடுத்துவிட்டேன். மற்ற லொறிகளுக்குப் பின்சில்லுகள் மட்டும்தான் இழுக்கும். இதற்கு நாலு சில்லும் இழுக்கும். மணலோ சேறோ, பிறாண்டிக்கொண்டு ஏறிவிடும். வன்னிக் காட்டுக்குள் போய்த் தோட்டத்துப் பசளைக்குக் குழை ஏற்றி வர இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. றைவராக வந்தவர் அடுத்த ஊர்க்காரர், சண்டைக்காலத்தில் இதே மாதிரி லொறி ஓட்டினவர். என்னைவிட மூப்பு, நான் அண்ணை என்பேன். அவர் என்னைப் பகிடிக்கு முதலாளி என்பார். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடித்தால் லொறிச் சாவி என் கைக்கு வந்துவிடும்.

அவர்தான் பின்தட்டின் முதல் பலகையைத் தூக்கிக் கீழே கிடந்த அந்த இரும்புப் பெட்டியைக் காட்டினார். யந்திரத்தின் பலம் முதலில் அதற்குள் வருமாம். அங்கிருந்துதான் முன்சில்லுக்கு ஒரு பங்கு, பின்சில்லுக்கு ஒரு பங்கு என்று பிரிந்து போகுமாம். நாங்கள் அதற்கு நடுப்பெட்டி என்று பேர் வைத்தோம். உள்ளே பல்லுச்சில்லுகள் ஒயிலில் குளித்தபடி சுழலவேண்டும். ஒயில் வற்றினால் சூடேறி இறுகிவிடும். பிறகு லொறி ஓரடியும் அரக்காது.

எனக்கு அந்தப் பெட்டியில் ஒரு தனி விருப்பம். பானை போன்ற வயிறு, மேலே சின்னத் தலை. சும்மா இருந்துகொண்டே எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கிறதே என்று பார்க்க, எனக்கு எங்கள் பிள்ளையார் ஞாபகம்தான் வந்தது. தலையின் நடுவில் பித்தளையில் ஒரு சின்னக் குமிழ், நெற்றி மாதிரி. வெள்ளிக்கிழமைகளில் லொறியின் முகத்துக்கும் நாலு சில்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது, அந்தக் குமிழுக்கும் ஒரு பொட்டு வைத்துக் கும்பிடுவேன்.

இரண்டு மூன்று மாதத்தில் நடுப்பெட்டி ஒழுகத் தொடங்கியது. முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு லொறி நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம். அண்ணை பெட்டியைக் கழற்றி, சில்லுக்குப் போகும் தண்டு வெளியே வரும் இடங்களில் ஒயிலை மறிக்கும் தோல் வளையங்களை மாற்றினார். மண்ணெண்ணெயால் பெட்டி முழுவதையும் துடைத்துப் பளபளப்பாக்கினார். என் பொட்டை மட்டும் தொடவில்லை. வேறு சமயத்து மனிசனுக்கு எவ்வளவு மரியாதை என்று என் மனம் குளிர்ந்து போயிற்று.

வளையம் மாற்றியும் ஒழுகியது. திரும்ப மாற்றினார். திரும்பவும் ஒழுகியது. எனக்குப் பயத்தைவிட, என்னவென்று விடுப்பு அறியும் ஆசைதான் கூட. லொறிக்குக் கீழே படுத்துக் கிடந்து பார்ப்பேன். நிற்கும்போது ஒழுக்குக் குறைவு. நெடுந்தூரம் ஓடிச் சூடானால்தான் பீறிடும். அதிலும் வெள்ளி, சனியில் கூடும்; அடுத்த வியாழன் நெருங்க நெருங்கக் குறையும். இது என்ன கணக்கு?

"உது சைவ லொறி, முதலாளி. வெள்ளிக்கிழமை விரதம். ஒயிலை உள்ளை வைக்காது," என்றார் அண்ணை.

"ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராத றைவருக்கு ஏத்த லொறிதானே, அண்ணை," என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் சிரித்துக்கொண்டே இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குப் புதுத் தேர் செய்ய வன்னியில் மரம் தறித்துக் கிடந்தது. அந்தக் காட்டுப் பாதைக்கு வேறு லொறி போகாது. ஐப்பசி மழை விழுந்தால் எங்கள் லொறியும் போகாது. மரம் அங்கேயே கிடந்து கறையான் தின்னும். கோயில் மனேச்சர் கேட்டபோது, சாமி சந்நிதியில் வைத்தே நான் ஓம், ஏற்றி வாறன் என்று சொல்லிவிட்டேன்.

புறப்பட்ட அன்று, பயணம் நல்லபடி முடியவேண்டும் என்று சந்தனத்தை வழக்கத்தைவிடத் தடிப்பாகவே அப்பினேன். வன்னிக்குப் போகும் வழியில் ஆனையிறவு வரைதான் போனோம். பின்னால் பார்த்தால் றோட்டில் ஒயில் கோடு. அண்ணை லொறியை நிறுத்தினார்.

"காட்டுக்குள்ளை பல்லுச்சில்லு இறுகினால் மரமும் இல்லை, லொறியும் இல்லை. யானைக்குப் பக்கத்திலைதான் நாங்கள் பாய் விரிக்கவேணும். நான் வரமாட்டன், தம்பி."

முதலாளி என்று சொல்லாமல் தம்பி என்று அவர் சொன்னதிலேயே விளங்கிவிட்டது. வழி நெடுக ஒயில் ஊற்றி ஊற்றித் திரும்பி வந்தோம். சந்தியில் ஒருத்தர், சண்டைக்குப் போய்வந்த வாகனம், செத்த சனத்தை நினைச்சு அழுகுது என்றார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பயம் வந்ததும் உண்மை. அதற்கும் மருந்தாக நான் வைத்தது இன்னொரு பொட்டுத்தான்.

வானம் கறுக்கத் தொடங்கியிருந்த ஒரு காலை. அண்ணை மூன்றாம் முறையாக வளையம் மாற்றி, சுன்னாகம் வரை ஓடிப் பார்த்து வருவோம் என்றார். போய் வந்தோம். ஒழுக்கு அப்படியே. குறைந்த ஒயிலை ஊற்ற அவர் பெட்டியின் பக்க மூடியைத் திருகினார். மூடி கழன்றதும் புஸ் என்று ஒரு சத்தம். உள்ளே யாரோ அடக்கி வைத்திருந்த பெருமூச்சு மாதிரி. எனக்கு அது மனதில் குத்திக்கொண்டு நின்றது. இரும்புப் பெட்டிக்குள் என்ன மூச்சு?

கை கழுவிவிட்டு அடுக்களைப் பக்கம் போனேன். மனைவி அவசரத்தில் நீத்துப்பெட்டியில் பிட்டு மாவை அமத்திப் போட்டுவிட்டாள் போல. பனையோலையால் இழைத்த அந்தக் கூம்பு, பானை வாயில் இருக்கிறது. ஆவி மாவுக்குள்ளால் மேலே வராமல், பானையைச் சுற்றிக் கட்டிய சீலைக்குள்ளால் சீறிக்கொண்டு போகிறது.

"இஞ்சாரும், சீலையை இன்னும் இறுக்கிக் கட்டும்," என்றேன்.

"இறுக்கி என்ன செய்ய? மேலை வழி இல்லாட்டி அது பக்கத்தாலைதானே போகும்," என்று சொல்லிக்கொண்டே ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து மாவின் நடுவில் குத்தினாள். மேலே ஆவி குபுகுபு என்று எழுந்தது. பக்கத்துச் சீறல் அப்படியே நின்றது.

நான் அவளுடைய கையில் இருந்த ஈர்க்கைப் பறித்துக்கொண்டு ஓடினேன். "பிட்டு ஆறப்போகுது, எங்கை ஓடுறியள்?" என்று அவள் கத்தியது பின்னால் கேட்டது.

"அண்ணை, இந்தப் பெட்டிக்கு ஆவி போற வாசல் ஒண்டும் இல்லையோ?"

அவர் பலகையைத் தூக்கி எறிந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பெட்டி முழுவதும் துடைத்த இரும்பு. துடைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். மாதக்கணக்கில் சந்தனத்துக்கு மேல் சந்தனம் ஏறி, ஒயில் ஊறி, குங்குமம் பூத்து, கொழுக்கட்டை மாதிரி இருந்தது என் பொட்டு.

"உதுக்குக் கீழை என்ன இருக்கு, அண்ணை?"

"நீங்கள் பொட்டு வைச்ச நாள் தொடக்கம் நான் அதைப் பாக்கேல்லை. சாமிப் பொட்டு, என்ரை கை படக்கூடாது எண்டு விட்டிட்டன்."

"படக்கூடாத இடமெண்டால் நீங்கள் சொல்லுவியள் எண்டு நான் வைச்சன்!"

அவர் இன்னும் கை வைக்கவில்லை. நான்தான் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஈர்க்கால் சுரண்டினேன். பித்தளைக் குமிழ் தெரிந்தது. அதன் பக்கத்தில் மிளகளவு ஒரு துளை. ஈர்க்கை உள்ளே விட்டு இழுத்ததும் உள்ளே மிஞ்சியிருந்த சூடான காற்று சந்தன வாசத்தோடு என் முகத்தில் பட்டது. அண்ணை தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சூடாகும்போது பெட்டி மூச்சுவிடும் வழி அது. அதை அடைத்தால் காற்று ஒயிலையும் தள்ளிக்கொண்டு, தோல் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு பக்கத்தால் போகும். பொட்டு காய்ந்து வெடிக்க ஒழுக்குக் குறையும். வெள்ளிக்கிழமை நான் பொட்டைப் புதுப்பித்ததும் ஒழுக்குத் திரும்பக் கூடும். வெள்ளிக்கிழமைக் கணக்கு அதுதான்.

"அப்ப விரதம் பிடிச்சது லொறி இல்லை, மூக்கைப் பொத்தினது முதலாளி," என்றார். பிறகு இரண்டு பேரும் ஆறிய பிட்டைச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். முழு விஷயத்தையும் கேட்ட மனைவி சிரிக்கவில்லை. "ஒரே தட்டிலை சாப்பிடுற மாதிரித் திரியிறியள். ஒரு வார்த்தை கேக்க இரண்டு பேருக்கும் வாய் இல்லையோ?" என்றாள்.

அடுத்த நாளே வன்னிக்குப் போனோம். முதல் தூறல் விழ, மரம் கோயில் வீதிக்கு வந்து சேர்ந்தது. இறக்கி முடித்து லொறிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். காய்ந்த மண். மனேச்சர் கொடுத்த விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டு திரும்ப, கோயில் வேலிக்கு வெளியே லொறியடியில் நின்ற அண்ணை என்னை வரச் சொல்லிக் கை காட்டினார். பலகையைத் தூக்கி, குமிழுக்கு ஒரு சாண் தள்ளி விரலால் தொட்டுக் காட்டினார்.

"இஞ்சை வையுங்கோ. இஞ்சை வைச்சால் ஒரு பிழையும் இல்லை."

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அந்த இடத்தில்தான் பொட்டு வைக்கிறேன். வைக்கும்போதெல்லாம், நான் மரியாதை என்று நினைத்துக் கேளாமல் விட்ட கேள்வி வேறு யாருடைய மூச்சை எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒருதரம் யோசிக்காமல் என் கை எழும்புவதில்லை.