பெரியப்பாவின் குதிரைப் பதக்கம்

வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்க்கும்போது விரலில் ஏறும் அந்தக் கறுப்பையும் அதன் உலோக வாடையையும் நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் இருந்த என் பெரியப்பாவின் வீட்டு 'ஷோகேஸில்' கறுத்துப்போன வெள்ளிப் பதக்கம் ஒன்று, ஒரு பக்கம் குதிரையும் மறுபக்கம் குறுக்கே வைத்த இரண்டு துவக்குகளுமாகச் சிவப்புத் துணியில் வீற்றிருந்தது. வந்தவர் சப்பாத்தைக் கழற்றுமுன்பே, "எங்கட பாட்டன் வெள்ளைக்காரன்ர குதிரைப்படையிலை குறி தப்பாமல் சுட்டு வாங்கினது" என்று அளக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பாட்டன் சாவகச்சேரியில் புகையிலை விற்றவர். குதிரையைப் படத்தில் பார்த்திருந்தாலே பெரிய காரியம். பதக்கமோ பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வீட்டு வாசலில் பழஞ்சாமான் விற்ற ஒரு கிழவியிடம் வாங்கியது. அன்று காரோட்டியவர் என் அப்பா. பின் சீட்டில் ஒன்பது வயதில் நான் இருந்தேன்.

இந்தப் புளுகையாவது பொறுத்திருப்பேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் என் அப்பாவைக் காட்டி, "அந்தப் பரம்பரையிலை பெட்டி தூக்க வந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்று கதையை முடித்துச் சிரிப்பாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெட்கங்கெட்டு அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

பெரியப்பாவின் மகளான அக்காவைப் பெண்பார்க்க வந்த அன்று, "ஊத்தைதான் அதுக்கு மதிப்பு, கை வைக்காதை" என்ற பெரியம்மாவின் சொல்லை மீறி, சாமியறைத் திருநீற்றால் பதக்கத்தின் விளிம்பைத் தேய்த்தேன். பிரெஞ்சு எழுத்துகள் பளிச்சென்று வந்தன. பெரியப்பாவுக்கு அந்தப் பாஷை சுட்டுப் போட்டாலும் வராது. எனக்கோ பள்ளிக்கூடத்துப் பாஷை. அவர் பாட்டனைக் குதிரையேற்றிய நேரம் பார்த்து எல்லோர் முன்னும் உரக்க வாசித்தேன்: மொன்றியல் தொண்டர் குதிரைப்படை, சுடுதலில் முதற் பரிசு, கூடவே ஒரு வெள்ளைக்காரனின் பெயர்.

மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணியை வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "தம்பி, நீர் எயார்போர்ட்டிலை பிரெஞ்சு கதைக்கிற ஆள். பிள்ளை சொல்லுறது சரியோ?"

அப்பா அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "இல்லை அண்ணை, அவளுக்கு வடிவா வாசிக்கத் தெரியாது. இது எங்கட பாட்டன்ரதான்."

எனக்குப் 'பொய்க்காரி' என்ற பட்டம் கிடைத்தது, அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. நன்றியுள்ள பெரியப்பா, கலியாண மண்டபத்து வாசலில் கார்களுக்கு இடம் காட்டும் வேலையை அப்பாவுக்குக் கொடுத்தார். அவரை மன்னித்தாலும், கையசைத்துக்கொண்டு நின்ற அப்பாவை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

இப்போது அந்த வீடு கைமாறிவிட்டது. ஷோகேஸ் குப்பைக்குப் போய்விட்டது. அண்ணன் தம்பி இருவருமே இல்லை. போன மாதம் அக்கா அந்தப் பதக்கத்தை, அதே சிவப்புத் துணியில் சுற்றி, என் கையில் வைத்தாள்.

"எங்கட பூட்டன்ர. உன்ர அப்பா சொல்லித்தானே அண்டைக்கு அவையள் நம்பினவை. கவனமா வைச்சிரு."

விளிம்பில் வெள்ளைக்காரனின் பெயர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா," என்றேன்.