செருப்புக் கடைக்காரன் எழுதிய ப்ளாக்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

2006ஆம் வருஷம் என் மனைவி செல்வராணிக்கு முதுகெலும்பில் டி.பி. வந்து, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. திண்டுக்கல் பேகம்பூர் பக்கம், வீட்டு முன்னறைதான் என் கடை. போலியோ வந்த பிள்ளைகளுக்கும், ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கும் அளவெடுத்து ஷூ செய்கிறேன். ஊர்ப் பிள்ளைகளை நடக்க வைத்தவன் வீட்டில் பெண்டாட்டி கட்டிலோடு கிடந்தாள். இதற்காக ஆண்டவரோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பசை காய்கிற நேரத்தில் உள்ளே போய்த் திருப்பிவிட்டு வருவேன். அந்த வருஷமே கடைக்கு ஆள் வருவதும் நின்றது. பிள்ளைகளை என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது.

அவள் தம்பி திருப்பூரிலிருந்து வந்தான்.

"மாமா, பனியன் கம்பெனில எடம் சொல்லி வச்சிருக்கேன். ஈஸ்டர் முடிஞ்சதும் கெளம்புங்க. அக்காவ ஒரு ஹோம்ல விட்ருவோம். மாசம் ஒருக்கா வந்து பாத்துக்கிருங்க."

அவன் கெட்டவனில்லை. வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை. "போயிட்டு வாங்க, நான் என்ன பச்சப்புள்ளயா?" என்றாள் ராணி. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கு நான் கேட்டது இதுதான். "ஆண்டவரே, அவளை எழுப்பிவிடும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். கடைசிவரைக்கும் அவள் பக்கத்தில் இருக்கவாவது வழி விடும்."

அந்த வாரம் நத்தத்திலிருந்து ஒரு டீச்சரம்மா மகனுக்கு ஷூ மாற்ற வந்தார்கள். என் நிலைமையைக் கேட்டுவிட்டு, "நோட்டீஸ் அடிச்சா திண்டுக்கல்லோட நின்னு போகும்ணே. இன்டர்நெட்ல ப்ளாக்னு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பணம் கேக்க மாட்டாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சதத் தமிழ்ல எழுதுங்க, ஊர் ஊரா படிப்பாங்க" என்றார்கள். அவர்களே ஆரம்பித்தும் கொடுத்தார்கள்.

பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். குட்டையான காலுக்கு அடியில் பழைய பேப்பரை மடித்து வைத்து, இடுப்பு சமமானதும் அந்தக் கனத்தை அளக்கச் சொல்லி எழுதினேன். பாதத்தைச் சாயங்காலம் வரையுங்கள், காலையில் வரைந்தால், கால் வீங்கும் நேரத்தில் ஷூ இறுக்கும் என்று எழுதினேன். வாரம் ஒன்றாக ஐந்து எழுதினேன். ஒரு ஆள்கூட வரவில்லை. வாய்விட்டே சொன்னேன், ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று.

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையோ கடை நோட்டீஸோ, எது புதிதாக வந்தாலும் அதன்மேல் கை வைத்து ஜெபித்த பிறகுதான் வெளியே போகும். ப்ளாக்குக்கு அதைச் செய்யவில்லையே என்று திடீரென்று உறைத்தது. கம்ப்யூட்டர்மேல் கை வைக்கவா முடியும்? எல்லாவற்றையும் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, ராணியைச் சாய்த்து உட்கார வைத்து, அவள் மடியில் வைத்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அது. ஜெபிக்குமுன் அவள் ஒருதரம் படித்துப் பார்த்தாள்.

"ஏங்க, கட எங்க இருக்குன்னு போடலையே?"

"பேகம்பூர் வந்து ஷூக்காரர் வீடுன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்கன்னு போட்ருக்கேன்ல?"

"போன் நம்பரு?"

"நம்ம நம்பரு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

"நாகர்கோயில்ல இருக்கவ எந்த டீக்கடையில போய்க் கேப்பா?"

திண்டுக்கல் என்ற பேர்கூட அதில் இல்லை! அவள் சிரித்தாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. கை வைத்து ஜெபித்தோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து, அட்ரஸும் நம்பரும் போடப் போனேன். சென்டரில் இருந்த பெண், "இங்க பாருங்கண்ணே, கீழ ஆளுங்க எழுதியிருக்காங்க" என்று காட்டினாள். அப்படி ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. மூன்று தாய்மார் எழுதியிருந்தார்கள். "ஐயா, நீங்கள் எந்த ஊர்? என் மகளுக்கு வேண்டும்." ஒருத்தி இரண்டு தடவை கேட்டிருந்தாள். நான் ஆண்டவரைத் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர்கள் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் திருப்பூர் போகவில்லை. தாளில் வரைந்த பாதங்கள் தபாலில் வந்தன. ராணி அவற்றைக் கத்தரியால் ஓரம் பிசகாமல் வெட்டித் தருவாள். "இது சுட்டிப்புள்ளைங்க, பேப்பர்ல நிக்கவே இல்ல பாருங்க" என்பாள். இரண்டரை வருஷம் அப்படி இருந்தோம்.

2009 ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. குறையவேயில்லை. ஒருநாள் பகலில் பசை தடவிக்கொண்டிருந்தேன். "இங்கிட்டு வாங்க" என்றாள். நாலு எட்டுதான். போய்க் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள்.

அவள் எழுந்து நடக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் கேட்கிறேன், பதில் வரவில்லை. ஆனால் அவள் கூப்பிட்ட சத்தம் கேட்கிற தூரத்தில் என்னை வைத்தாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். இப்போது நம் சபையில் தையல் கடை வைத்திருக்கும் சகோதரிக்கும் ஒரு ப்ளாக் ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களுக்கு வேண்டியதை அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கிடைக்காததற்கு அவர் முன்னாலேயே அழுங்கள். நான் தினமும் அழுகிறேன். ஒருநாளும் அவர் என்னை எழுந்து போகச் சொன்னதில்லை.