இருட்டரங்கில் சரிதா

மூன்று மாநில எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளியில் பிறந்தவர்களுக்கு மூன்று பாஷை இலவசம். சரிதா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவாள். இப்போது மத்திகிரியில் வாடகை வீடு, ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஐந்தாவது படிக்கும் மகள் சுவாதிக்கோ கன்னடம் சுத்தமாக வராது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போகப்போகும் பெங்களூரு மியூசியத்தில் விண்வெளிக் காட்சி கன்னடத்தில்தான் என்று தெரிந்தும் சுவாதி கவலைப்படவில்லை. "எங்கம்மா காதுல தமிழ்ல சொல்லிட்டே வருவாங்க" என்று வகுப்பு முழுக்கப் பெருமையடித்தாள். திங்கட்கிழமை பிரேயரில் அதைப் பற்றிப் பேசப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை நைட் ஷிப்ட் முடித்த கையோடு சரிதா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எலும்புக்கூடுகளையும் பாடம் செய்த பறவைகளையும் பார்க்கும்வரை சமாளித்துவிட்டாள். கடைசியில் விண்வெளி அரங்கு. சாய்வு நாற்காலி, ஏசி, இருட்டு. கும்பகர்ணனுக்கே இவ்வளவு வசதி கிடைத்திருக்காது. "இது சூரியன் பொறந்த கதை" என்று ஒரே ஒரு வரி சொன்னாள். அடுத்து அவள் கண்ணைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி எழுப்பல?"

"கூப்பிட்டேம்மா. நீ அசந்து தூங்கிட்ட. பரவால்ல, படம் பாத்தேன்ல."

பஸ்ஸில் திரும்பும்போது சரிதாவுக்கு நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது. பகல் ஷிப்ட் வாரத்தில் வந்திருக்கலாம். அவசரப்பட்டது தன் தப்புதான்.

மறுநாள் மாலை மகளைக் கூப்பிடப் போனபோது ராஜாத்தி டீச்சர் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீங்க அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போயி தமிழ்ல சொல்லிக் குடுத்திருக்கீங்க. இவ பிரேயர்ல நின்னுட்டு, அம்மா எல்லாம் சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேங்கறா. அத்தன பேரு முன்னால திட்டிட்டேன்."

சுவாதி தலையை நிமிர்த்தவே இல்லை. கம்பெனியில் கோளாறான பீஸ் வந்தால் யாரும் தன் கை பட்டது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முந்தின ஷிப்ட் மேல் தள்ளிவிடுவார்கள். அந்தப் பழக்கம் சரிதாவின் வாயில் முந்திக்கொண்டது.

"ஆமாங்க டீச்சர், இவளுக்கு மறதி ஜாஸ்தி."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் டீச்சர் உள்ளே போய்விட்டார்.

ரோட்டுக்கு வந்ததும் சரிதா மகளைக் கேட்டாள். "ஏன்டி அப்படிப் பொய் சொன்ன?"

"உன்னத் தூங்குமூஞ்சின்னு சிரிப்பாங்கம்மா" என்றாள் சுவாதி. "நல்லவேள, நீயும் மாத்திச் சொல்லல."

பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவே சரிதாவுக்குக் கூசியது.