வாயைத் திறக்காதே என்றேன்

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, சிங்கப்பூரில் நடந்தது இது. நானும் அம்மாவும் மட்டும் போயிருந்தோம். ராஜபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஒருத்தி தன் மகளோடு விமானம் ஏறுவது அன்றைக்கு எங்கள் தெருவுக்கே பெரிய சேதி. திரும்பி வந்த பிறகு எல்லோரிடமும் பறவைப் பூங்காவைப் பற்றியும் உயரமான கட்டடங்களைப் பற்றியும் சொன்னேன். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போனது எங்கள் காசில் இல்லை. ஒரு சலவைத்தூள் கம்பெனி போட்டி வைத்திருந்தது. பாதியில் விட்ட ஒரு வாக்கியத்தைப் பத்து வார்த்தைக்குள் ஆங்கிலத்தில் முடித்து அனுப்ப வேண்டும். முதல் பரிசு, இரண்டு பேருக்கு நான்கு நாள் சிங்கப்பூர் பயணம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. நான் பி.எஸ்ஸி. முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிப் போட்டது, பரிசு வாங்கிவிட்டது. என் பத்து வார்த்தை எங்களைக் கடல் தாண்டிக் கூட்டிப் போகிறது என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

பாஸ்போர்ட் பாரத்தில் அம்மா கைநாட்டு வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். பதினைந்து நாள் சிலேட்டில் எழுத வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். தறியிலிருந்து வந்த அலுப்போடு, அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். படித்த மகள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைக்க அவள் யாரிடமும் யோசனை கேட்டதில்லை. நான் படித்து முடித்ததும் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் யோசனை கேட்டாள்.

அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டில் இருபது வருஷம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் வாய் அசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மீதியைக் கை சொல்லும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு முஷ்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினால், பாவு நூல் தீரப்போகிறது, கடைசிக்கு வந்தாயிற்று என்று அர்த்தம். வெளியே வந்தாலும் அதே பாஷைதான். ஷெட்டுக்கு வெளியே அம்மாவின் குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். தன் சத்தம் தனக்குக் கேட்காதவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

கிளம்புவதற்கு முந்தின நாள் ஷெட்டுப் பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு அக்கா, “ஏட்டி, அங்க இங்கிலீசுல பேசுவானுகளாம். உனக்கு என்ன கவலை? தமிழ்ல பேசுனாலே உனக்குக் கேக்காது!” என்றாள். அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சிங்கப்பூரில் முதல் இரண்டு நாள் சுற்றுலாக் குழுவில் இருந்த எல்லோரோடும் பஸ்ஸில் போனோம். ஹோட்டல் பெயரும் முகவரியும் அச்சடித்த அட்டையைக் கைடு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அம்மாவுடையதையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். “உனக்கு எதுக்கும்மா, படிக்கவா போற?” என்றேன். இரண்டு பாஸ்போர்ட்டும், அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அதே பையில்தான் இருந்தன.

மூன்றாம் நாள் பகல் முழுவதும் ஓய்வு. தனியாகப் போக வேண்டாம், கடைவீதிக்குப் பஸ் ஏற்பாடு செய்கிறேன் என்றார் கைடு. எனக்கு அது பிடிக்கவில்லை. வரைபடம் இருக்கிறது, எனக்கு ஆங்கிலம் தெரியும், என்ன பயம்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு தரைக்கடியில் ஓடுகிற ரயிலில் ஏறினேன்.

ஏறினதிலிருந்து அம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. “ஏட்டி, பாதாளத்துல ரயிலு ஓட்டுதாகளே, மழை பெஞ்சா தண்ணி எம்புட்டு நிக்கும்?” என்றாள். எதிரில் நின்ற பையனின் அரைக்கால் சட்டையைப் பார்த்து, “இவனுக்குத் துணி பத்தலயா, தையக்காரன் திருடிட்டானா?” என்றாள். கைகளும் கூடவே பேசின. பெட்டியே திரும்பிப் பார்த்தது. கதவோரம் இரண்டு தமிழ்ப் பெண்கள், என் வயதுதான் இருக்கும். நல்ல உடை, குட்டை முடி. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி அம்மாவைப் போலவே கையை ஆட்டிக் காட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன்: “ஊரு போயிச் சேருற வரைக்கும் வாயத் தொறக்காத. என் மானத்த வாங்காத.”

தறிக்காரிக்கு அது போதும். ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் புரிந்தது. உதட்டை மடித்துக்கொண்டாள். கைகள் மடிக்கு வந்துவிட்டன.

பிறகு இரண்டு மணி நேரம் கடைகளைச் சுற்றினோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதைக் காட்டினாலும் தலையை ஆட்டினாள். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

திரும்பும்போது நிலையத்தில் நல்ல கூட்டம். நான் முதலில் ஏறினேன். நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியைப் பார்த்து அம்மா ஒரு நொடி தயங்கினாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றாள். கத்தவில்லை. கைகளைத் தூக்கி என்னவோ காட்டினாள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரயில் நகர்வதற்கு முன் எனக்கு முழுதாக இரண்டு நொடி இருந்தது. அந்த இரண்டு நொடியில் நான் செய்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான்.

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அம்மா நின்ற இடத்தில் அம்மா இல்லை.

நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். மேலே போய் வாசலைப் பார்த்தேன். பிறகுதான் நிலைய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த சீன அதிகாரி பொறுமையானவர். எல்லா நிலையங்களுக்கும் ஃபோன் செய்து கேட்கிறேன், அடையாளம் சொல் என்றார். பச்சைப் புடவை, மூக்குத்தி என்று சொல்லிவிட்டு, அவராகக் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். தமிழ் மட்டும்தான் பேசுவார், ரொம்பச் சத்தமாகப் பேசுவார், எங்கே இருந்தாலும் கேட்காமல் போகாது என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு நிலையத்திலிருந்தும் நல்ல பதில் வரவில்லை. ஹோட்டலுக்கும் அம்மா போகவில்லை. எப்படிப் போவாள்? அட்டை என்னிடம்தானே இருந்தது. மதிய மாத்திரை நேரம் போய்விட்டது. நான் பக்கத்து நிலையங்களில் இறங்கித் தேடிவிட்டு மறுபடி அந்த அலுவலகத்துக்கே வந்தேன். என் நல்ல ஆங்கிலம் எல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டது. ‘அம்மா’ என்ற சொல் மட்டும்தான் வாயில் வந்தது. மயங்கி எங்கேயாவது கிடப்பாளோ, தண்டவாளத்தில் தவறி விழுந்திருப்பாளோ என்று மனம் போகாத இடமெல்லாம் போனது.

மாலை ஐந்து மணி இருக்கும். அலுவலகத்துக்கு வெளியே ஒரு ஊழியர், வேலை முடிந்து ஒரு நீளமான ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முஷ்டியைச் சுற்றி முஷ்டி உருண்டது. நான் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கைகள் என் கண்ணுக்குத் தெரிந்தன. முகத்தைத் திருப்புவதற்கு முன் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா இரண்டு முஷ்டியையும் உருட்டிக் காட்டியிருக்கிறாள். கடைசி.

சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு வருஷா வருஷம் போவோம். திரும்பும்போது பஸ்ஸில் ஏறவே முடியாது. அம்மா சொல்லி வைத்திருந்தாள்: “கூட்டத்துல பிரிஞ்சிட்டா அழாத. வந்த பஸ்ஸுல ஏறிக்கோ. எல்லா பஸ்ஸும் ராஜபாளையத்துக்குத்தான் போவும். கடைசியா நிக்கிற எடத்துல எறங்கி நில்லு. அம்மா பொறத்தாலயே வாரேன்.” ஒன்பது வயதில் ஒருமுறை அப்படித்தான் பிரிந்துபோனேன். நகர்கிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக எனக்கு அம்மாவின் உருளும் முஷ்டிகள் தெரிந்தன. போய் நின்றேன். அடுத்த பஸ்ஸில் அம்மா வந்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் அம்மா அடுத்த ரயிலில் ஏறியிருக்கிறாள்.

அந்தப் பாதையின் கடைசி நிலையத்துக்கு நான் போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது தரைக்கு மேலே இருந்தது. ஒரு சின்ன அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் உடை மாறியிருந்தது. இடுப்பில் யாருடையதோ ஒரு கைலி. பச்சைப் புடவை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் காலடியில் இருந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். அவள் திறக்கவில்லை.

அங்கே துப்புரவு வேலை செய்கிற ஒரு தமிழ் அம்மா பக்கத்தில் நின்றார். கைலி அவருடையது. என்னைப் பார்த்ததும் கோபமாகத்தான் பேசினார். “ஒங்க அம்மாவா? மத்தியானத்துலேருந்து இங்கதான் உக்காந்திருக்காங்க. ஃபோன் வந்துச்சு, சத்தமா தமிழ் பேசுற அம்மாவக் காணோம்னு. நான் எவ்வளவோ கேட்டேன், தலையத் தலைய ஆட்டுனாங்க. கையால என்னமோ காட்டுனாங்க. பச்சப் பொடவையப் பாத்து இவங்கதானோன்னு தோணுச்சு. ஆனா பாவம், வாய் பேச முடியாதவங்க, இது வேற ஆளுன்னு நெனச்சிட்டோம்.”

நான் அம்மாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். பிறகு சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

“யார்ட்டயும் ஒரு வார்த்த பேசலட்டி.”

ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவள் மாதிரி சொன்னாள். அந்தத் தமிழ் அம்மாவுக்கு அது கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

மாத்திரை கொடுத்தேன். அந்த அம்மா தேநீரும் ரொட்டியும் வாங்கிவந்து கொடுத்தார். ஹோட்டல் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “பேசும்மா, சத்தமாப் பேசு, நான் சொன்னது தப்பு” என்று அழுதேன். அம்மா என் தலையைத் தடவினாள். “ஊருக்குப் போயிப் பேசுவோம்” என்றது உதடு.

ஊருக்கு வந்தோம். சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று ஷெட்டுப் பெண்கள் வந்து கேட்டபோது அம்மா என்னைக் கைகாட்டிவிட்டுச் சிரித்தாள். நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டில் அம்மா பேசாமல் இல்லை. மெதுவாகப் பேசினாள். தன் சத்தம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாததால், குறைத்துக் குறைத்து, சில நேரம் வெறும் உதடு மட்டும் அசையும். “என்னம்மா?” என்று நான் திரும்பக் கேட்பேன். “ஒண்ணுமில்ல தாயி” என்பாள். மன்னிப்பு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். “நான் என்னைக்கோ மறந்துட்டேன்” என்கிறாள். மறந்தவளாக இருந்தால் எனக்குத் தெரியாதா?

சில மாதம் கழித்து ஒருநாள், அம்மா மறந்துவைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க ஷெட்டுக்குப் போனேன். தறிகள் ஓடுகிற இரைச்சலில் வாசலில் நின்றேன். உள்ளே அம்மா அந்த அக்காவிடம் என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் காற்றில் பறந்தன. வாய் அகலத் திறந்து சிரித்தாள். ரயிலில் பார்த்த அரைக்கால் சட்டைக்காரனைப் போல நடந்துகூடக் காட்டினாள். அக்கா தறியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிங்கப்பூரை அம்மா அங்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த சிங்கப்பூர் அது. என்னிடம் சொல்லாதது.

பிறகு திரும்பினாள், வாசலில் என்னைப் பார்த்தாள். கைகள் இறங்கி மடியோடு ஒட்டிக்கொண்டன.

இன்றைக்கும் வகுப்பில் சத்தம் அதிகமானால், “வாயை மூடுங்கள்” என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. சொன்னபடியே கேட்டு, அதற்குப் பிறகு சொன்னவரிடம் எப்போதும் வாய்விட்டுப் பேசாமலே இருந்துவிடுகிற மனிதர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும்.